பழைய கைத்துப்பாக்கி சேகரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபூர்வமான பழைய கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, அதைத் தேய்த்துப் பளபளக்க வைப்பது. இந்தத் துறையில் திரும்பச் சரிசெய்யவே முடியாத தவறு அதுதான். போலியை வாங்கியவர் பணத்தை மட்டும் இழக்கிறார். நல்ல பொருளைத் தேய்த்தவரோ அந்தப் பொருளையே அழித்துவிடுகிறார். அவருக்குப் பின்னால் அதைப் பார்த்துப் படிக்க வேண்டியவர்களுக்கும் அது இல்லாமல் போகிறது.

நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளில் இரும்பின் மேல் ஆழ்ந்த பழுப்பு நிறம் படிந்து நிலைத்துவிடும். அது அழுக்கு இல்லை. அந்தப் படலத்துக்குக் கீழேதான் செய்தவரின் பெயர், குழல் வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குகிறது என்று பார்த்து அடித்த சோதனை முத்திரைகள், வரிசை எண், செதுக்கு வேலையின் கூர்மையான விளிம்புகள், முதலில் பூசிய நீலப் பூச்சின் மிச்சம் எல்லாம் இருக்கின்றன. உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ பட்டால் எழுத்து மழுங்கும், எண்கோணக் குழலின் விளிம்பு உருண்டுவிடும். அதன் மேல் புதிதாக நீலப் பூச்சு ஏற்றினால் கதை முடிந்தது. பழக்கப்பட்ட கண் மழுங்கிய விளிம்பையும் புத்தம் புதிய பூச்சையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடும். விலை பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம்.

அப்படியானால் துரு பிடித்தால் விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். செம்மஞ்சள் நிறத்தில், விரலில் பொடியாக ஒட்டுகிற துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிற துரு. அதன் மேல் மெல்லிய எண்ணெய் தடவிச் சில நாள் ஊறவிட்டு, மென்மையான துணியாலோ மரக்குச்சியாலோ மெதுவாக எடுக்கலாம். நிலைத்துப்போன பழுப்பைத் தொடவே கூடாது. பித்தளையையும் வெள்ளியையும் பாலிஷ் போட வேண்டாம். மரப் பிடியை இழைக்கவும் வார்னிஷ் அடிக்கவும் வேண்டாம். கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். அருங்காட்சியகங்களில் பயன்படும் ரினைசான்ஸ் வேக்ஸ் இந்த வகைதான். 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது.

ஸ்க்ரூ டிரைவரையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத் திருகுகளின் பள்ளம் மிகக் குறுகலானது. வீட்டில் இருக்கும் டிரைவரை வைத்துத் திருப்பினால் தலை சிதைந்துவிடும். சிதைந்த திருகு, யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்பதற்கு முதல் சாட்சி. பள்ளத்துக்கு அளவாகப் பொருந்தும் டிரைவர் இல்லையென்றால் பிரிக்காமல் இருப்பதே நல்லது.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே வெடிமருந்து இருக்கிறதா? குழலின் வாய் வழியாக வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கிகளைக் குண்டோடு அப்படியே பரணில் வைத்துவிடும் வழக்கம் அந்த நாட்களில் இருந்தது. கறுப்பு வெடிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழித்தும் வெடிக்கும். ‘இவ்வளவு பழசு, என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற நினைப்பு உயிரை வாங்கும். மெல்லிய மரக்குச்சியைக் குழலின் அடிவரை விட்டு, வாயருகே அடையாளமிட்டு வெளியே எடுங்கள். அதைக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, மருந்துக்குத் தீ போகும் சிறு துளையான தீத்துளை இருக்கும் இடம்வரை எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அதை நீங்களே எடுக்க முயல வேண்டாம். துளையிடவோ சூடுகாட்டவோ கூடவே கூடாது. கறுப்பு மருந்து பற்றித் தெரிந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுங்கள்.

சுட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பழைய குழல்கள் கறுப்பு மருந்தின் அழுத்தத்துக்குச் செய்தவை. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழல் என்றால், பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத துரு ஓடியிருக்கலாம். இன்றைய புகையில்லா மருந்தை அதில் போட்டால் குழல் கையிலேயே பிளக்கும். வெறுமனே விசையை அழுத்தித் தட்டிக் காட்டுவதுகூடச் சேதம்தான்: சிறு வெடிமூடியைச் சுத்தியல் தட்டிச் சுடும் பெர்கஷன் வகையில், சுத்தியல் நேராக அந்த மூடி உட்காரும் முனையான நிப்பிளில் மோதி இரண்டையும் கெடுக்கும்.

போலிகளைப் பற்றிப் பேசும்போது பலர் மனதில் வருவது நேற்றுச் செய்து அமிலத்தில் ஊறவைத்த பொருள். அதுவும் உண்டு. 1950-களின் இறுதியிலிருந்து இத்தாலியில், அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் செய்த பழைய ரிவால்வர்களின் நகல்கள் நேர்மையாகவே, அவற்றுக்குரிய சோதனை முத்திரைகளோடு தயாராகின்றன. அந்த முத்திரைகளை அரத்தால் ராவிவிட்டு, துருவேற்றி, பழசு என்று விற்கிறார்கள். சட்டகத்தில் எங்காவது ஒரு சிறு பகுதி மட்டும் காரணமில்லாமல் குழிந்தோ தட்டையாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் அதைவிட நுட்பமானது, பழசே ஆனாலும் தான் சொல்வதாக இல்லாத பொருள். ஹென்றி டெரிஞ்சர் பிலடெல்பியாவில் செய்த சிறிய பாக்கெட் பிஸ்டல்கள் அவர் உயிரோடு இருந்தபோதே நகலெடுக்கப்பட்டன. அவர் கலிஃபோர்னியாவில் வழக்கே தொடுத்தார். அந்த நகல்களுக்கும் இன்று 150 வயதுக்கு மேல். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் உலகத்துக்கே மலிவான துப்பாக்கி செய்து அனுப்பியது. குழலில் ‘லண்டன்’ என்று பொறித்துவிட்டு, அடியில் நீள்வட்டத்துக்குள் லியேஜின் ‘இ எல் ஜி’ சோதனை முத்திரையோடு வந்தவை ஏராளம். மேலே இருக்கும் பெயரைப் படிப்பவர் ஏமாறுவார், அடியில் இருக்கும் முத்திரையைப் படிப்பவர் தப்புவார். பர்மிங்ஹாமின் சோதனைக் கூடம் 1813-ல் தொடங்கியது. அதன் முத்திரை இருக்கும் பிஸ்டலை 1790-ல் செய்தது என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

அதிகம் பேர் விழுகிற குழி, திருப்பி மாற்றிய ஃப்ளின்ட்லாக், அதாவது சக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியால் சுடும் வகை. அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807-ல் காப்புரிமை பெற்ற தட்டி வெடிக்கும் முறையிலிருந்து பெர்கஷன் கேப் என்ற வெடிமூடி வளர்ந்தது. அது பரவியதும் சக்கிமுக்கிக் கல் வைத்த நல்ல பிஸ்டல்களை உரிமையாளர்களே புது முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றமும் வரலாறுதான், நேர்மையான வரலாறு. என் கணிப்பில் அப்படி மாற்றிய பிஸ்டலை இன்றைய சேகரிப்பாளர்கள் தேவைக்கும் குறைவாகவே மதிக்கிறார்கள். கல் வைத்ததற்கு விலை அதிகம் என்பதால், பின்னாளில் வியாபாரிகள் நிப்பிளை எடுத்துவிட்டுப் தீப்பொறி விழும் புதிய மருந்துக் கிண்ணமும் சுத்தியலும் பொருத்தி, மறுபடி ஃப்ளின்ட்லாக் ஆக்கினார்கள். தீத்துளையைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா, சுடும் பொறியைத் தாங்கும் லாக் தகட்டில் அடைத்த துளை தெரிகிறதா, சுத்தியலின் செதுக்கு வேலை தகட்டின் செதுக்கு வேலையோடு ஒரே கையில் வந்ததா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். உண்மையான ஃப்ளின்ட்லாக்கில் பல காலம் தெறித்த தீயால் தீத்துளைக்கு அருகே இரும்பு அரித்திருக்கும். புதுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த அரிப்பு சட்டென்று நின்றுபோனால் கேள்வி கேளுங்கள்.

பெட்டியோடு வரும் ஜோடிகளிலும் இதே கவனம் வேண்டும். பிஸ்டல் பழசாக, பெட்டி பழசாக, இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கலாம். உள் துணியில் பிஸ்டல் பல்லாண்டு அழுத்திய தடம் அதன் வடிவத்தோடு பொருந்த வேண்டும். கோல்ட் பெர்கஷன் ரிவால்வர் என்றால் குழல், சட்டகம், விசைக் காப்பு, சிலிண்டர் என எல்லா இடத்திலும் வரிசை எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 1847-ன் கோல்ட் வாக்கர் சுமார் 1100 தான் தயாரானது. அவ்வளவு அபூர்வமானது மலிவாக உங்களைத் தேடி வந்தால் நிபுணரிடம் காட்டாமல் ஒரு காசும் தர வேண்டாம்.

அப்புறம், கதைக்குப் பணம் கொடுப்பது. பெரிய மனிதரின் கையில் இருந்ததென்றால் விலை எகிறும் என்பது உண்மை. பிரெஞ்சுத் தளபதி லஃபயெத் ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கொடுத்து, பின்னர் இன்னொரு அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சனிடம் போன பிஸ்டல் ஜோடி 2002-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 19 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஆனால் அது யார் யாரிடம் இருந்தது என்பதற்கு ஆவணம் இருந்தது. ‘தாத்தா போரில் எடுத்து வந்தது’ என்ற வாய்மொழிக்கு விலையில் இடமில்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் ஆகிய இரு நிறுவனங்களின் துப்பாக்கிகளுக்கும், தொழிற்சாலையிலிருந்து அனுப்பியபோது எழுதிய பழைய பதிவுகளிலிருந்து கட்டணத்துக்குக் கடிதம் பெறும் ஏற்பாடு உண்டு. எல்லா எண்ணுக்கும் பதிவு கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் கேட்காமல் வாங்குவது அவசரம்.

சட்டத்தை ஊகிக்க வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை தயாரானவை பழம்பொருள். பிரிட்டனில் 2021 முதல் 1939 செப்டம்பர் 1-க்கு முன் தயாரானதோடு, அதன் தோட்டாவோ தீப்பற்றும் முறையோ சட்டத்தின் பட்டியலில் இருக்கவும் வேண்டும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமோ, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்குத் தருகிறது. ஒரு நாட்டில் சுதந்திரமாக வாங்கியது இன்னொரு நாட்டின் சுங்கத்தில் குற்றமாகலாம். அனுப்பச் சொல்வதற்கு முன் இரு பக்கச் சட்டத்தையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. தோல் உறைக்குள் போட்டு மூட வேண்டாம். தோலில் இருக்கும் அமிலமும் உப்பும் இரும்பைத் தின்னும், பித்தளையில் பச்சை பூக்கும். ஓக் மர அலமாரியும் அமில ஆவி விடும். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல், ஏறி இறங்காமல் இருக்கட்டும். வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு ரேகையாகவே துருப்பிடிக்கும், கையுறை போடுங்கள். ஒவ்வொன்றையும் முத்திரைகள் தெரியும்படி படமெடுத்து, எண், வாங்கிய ரசீது, பழைய உரிமையாளர் விவரம் எல்லாவற்றையும் துப்பாக்கி இருக்கும் அறையில் இல்லாமல் வேறோர் இடத்தில் வையுங்கள். சீட்டு ஒட்ட வேண்டுமானால் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பசை போட்டு ஒட்ட வேண்டாம்.