மென்பொருள் சரிதான் என்று சமன்பாடுகளால் நிரூபிப்பது: ஒரு வரிசையை வைத்து முதல் பாடம்

நிரல் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, அது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சமன்பாடுகளாக எழுதுவதுதான் இயற்கணித விவரக்குறிப்பு. 1970-களில் வளர்ந்த துறை இது. கணினி அறிவியலாளர் ஜோசப் கோகன் தொடங்கிய ஓபிஜே மொழியின் வழியில் வந்தவைதான் இன்று புழக்கத்தில் உள்ள மௌட், கஃபேஓபிஜே என்ற கருவிகள். இரண்டும் இலவசம். எந்தக் கருவியின் எழுத்துமுறையிலும் சிக்கிக்கொள்ளாமல், கீழே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வரிசை. முதலில் வந்தது முதலில் வெளியே போகும்.

படி 1: ஆக்கிகளைத் தேர்ந்தெடுங்கள்

எந்த வரிசையையும் கட்டி எழுப்பத் தேவையான மிகக் குறைந்த செயல்கள் எவை? இரண்டே இரண்டு, இவைதான் ஆக்கிகள்:

காலி
சேர்(வ, உ)

வ என்பது வரிசை, உ என்பது உறுப்பு. உலகத்தில் உள்ள எல்லா வரிசைகளும் காலியில் தொடங்கி, சேர் என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டு வந்தவைதான். இந்தத் துறையில் "குப்பை கிடையாது, குழப்பம் கிடையாது" என்பார்கள். ஆக்கிகளால் கட்ட முடியாத எதுவும் வரிசை ஆகாது, இது முதல் பாதி. சமன்பாடுகள் சொல்லாத வரை இரண்டு வேறு வரிசைகள் ஒன்றாகிவிடாது, இது இரண்டாம் பாதி. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டுமே வேலைக்கு வரும்.

படி 2: மற்ற செயல்களுக்குச் சமன்பாடு எழுதுங்கள்

ஒவ்வொரு செயலுக்கும், ஒவ்வொரு ஆக்கிக்கும் என்ன பதில் என்று கேட்டுக்கொண்டே போங்கள். முதல் என்பது முன்னால் நிற்கும் உறுப்பைத் தரும், நீக்கு அதை எடுத்துவிடும், நீளம் உறுப்புகளை எண்ணும். அ, ஆ இரண்டும் உறுப்புகள். அடுத்து என்பது ஓர் எண்ணுக்கு அடுத்த எண், அதாவது ஒன்று கூட.

முதல்(சேர்(காலி, அ)) = அ
முதல்(சேர்(சேர்(வ, அ), ஆ)) = முதல்(சேர்(வ, அ))
நீக்கு(சேர்(காலி, அ)) = காலி
நீக்கு(சேர்(சேர்(வ, அ), ஆ)) = சேர்(நீக்கு(சேர்(வ, அ)), ஆ)
நீளம்(காலி) = 0
நீளம்(சேர்(வ, அ)) = அடுத்து(நீளம்(வ))

முதல்(காலி)க்கு ஏன் சமன்பாடு இல்லை? காலி வரிசைக்கு முதல் உறுப்பே கிடையாது. அதனால் "காலியல்லாத வரிசை" என்று ஓர் உள்வகையை அறிவித்து, முதல், நீக்கு இரண்டும் அதை மட்டும்தான் வாங்கும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் மௌடில் முதல்(காலி) என்று கொடுத்துப் பார்த்தால், அது சுருங்காமல் (எந்தச் சமன்பாடும் பொருந்தாமல்) அப்படியே திரும்பி வரும், வகைப்பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். முறையான வகை எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை என்று பொருள்.

படி 3: அவசரச் சமன்பாடு ஒன்று என்ன செய்யும் என்று பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவது நல்லது. நீக்கு என்பதற்கு இரண்டு நீண்ட சமன்பாடுகள் எதற்கு, சுருக்கிவிடலாமே என்று தோன்றும். இப்படி:

நீக்கு(காலி) = காலி
நீக்கு(சேர்(வ, அ)) = சேர்(நீக்கு(வ), அ)

பார்க்க அழகாக இருக்கிறது. ஏற்கெனவே எழுதிய நீக்கு(சேர்(காலி, அ)) = காலி என்பதோடு இவற்றையும் சேர்த்துவிட்டோம் என்று வையுங்கள். இப்போது வ இருக்கும் இடத்தில் காலியைப் போடுங்கள். நீக்கு(சேர்(காலி, அ)) என்பது ஒரு வழியில் காலி, இன்னொரு வழியில் சேர்(காலி, அ). ஆக, காலி வரிசையும் ஓர் உறுப்பு உள்ள வரிசையும் ஒன்று! இரண்டு பக்கமும் நீளம் எடுத்தால் 0 = 1. அதற்குப் பிறகு எந்த நீளமும் எந்த நீளத்துக்கும் சமம் என்று "நிரூபித்துவிடலாம்". மௌட் தானாக எச்சரிக்காது, கிடைத்த சமன்பாட்டை இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டே போகும். இந்த மோதல்களைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி உண்டு. ஆனால் ஒரே இடது பக்கத்துக்கு இரண்டு சமன்பாடு பொருந்துகிறதா என்று கண்ணால் பார்க்கும் பழக்கம்தான் முதல் பாதுகாப்பு.

படி 4: நிரூபியுங்கள்

இரண்டு வரிசைகளை இணைக்கும் செயல்:

இணை(வ, காலி) = வ
இணை(வ, சேர்(ப, அ)) = சேர்(இணை(வ, ப), அ)

கூட்டலுக்கு: ம + 0 = ம, ம + அடுத்து(ந) = அடுத்து(ம + ந).

நிரூபிக்க வேண்டியது: நீளம்(இணை(வ, ப)) = நீளம்(வ) + நீளம்(ப).

குப்பை கிடையாது என்பதால்தான் கணிதத் தொகுத்தறிதல் இங்கே செல்லும்: காலிக்குச் சரி என்றும், ஒரு வரிசைக்குச் சரியென்றால் அதில் ஓர் உறுப்பைச் சேர்த்தாலும் சரி என்றும் காட்டினால், எல்லா வரிசைகளுக்கும் சரி. ப காலியாக இருக்கும்போது இரண்டு பக்கமும் நீளம்(வ) ஆகிவிடும். அடுத்து, ப-க்குச் சரி என்று எடுத்துக்கொண்டு சேர்(ப, அ)வுக்குப் பாருங்கள். இடது பக்கம்:

நீளம்(இணை(வ, சேர்(ப, அ)))
→ நீளம்(சேர்(இணை(வ, ப), அ))
→ அடுத்து(நீளம்(இணை(வ, ப)))
→ அடுத்து(நீளம்(வ) + நீளம்(ப))

வலது பக்கமும் சுருங்கி இதே இடத்துக்கு வரும். சரி, முடிந்தது. கஃபேஓபிஜேயில் இதையே செய்ய, வ, ப இரண்டையும் புதிய மாறிலிகளாக அறிவித்து, எடுகோளை (ப-க்குச் சரி என்று எடுத்துக்கொண்டதை) ஒரு சமன்பாடாகச் சேர்த்து, இலக்கைச் சுருக்கச் சொல்வார்கள். "உண்மை" என்று வந்தால் அந்தப் படி தீர்ந்தது.

ப-வை விட்டுவிட்டு வ-வின் மேல் தொகுத்தறிதல் செய்திருந்தால்? முதல் அடியிலேயே நீளம்(இணை(காலி, ப)) என்று சுருக்கம் நின்றுபோகும். இணை தன் இரண்டாவது உள்ளீட்டைத்தான் பிரிக்கிறது, முதலாவதைத் தொடுவதே இல்லை. எந்த உள்ளீட்டைச் சமன்பாடு பிரிக்கிறதோ அதன் மேல்தான் தொகுத்தறிதல் செய்ய வேண்டும். அப்படியும் பிடிவாதமாக வ-வின் மேலேயே செய்ய வேண்டுமென்றால், நின்ற இடத்தைப் பாருங்கள்: இணை(காலி, ப) = ப என்ற துணைத்தேற்றம் (முதலில் தனியாக நிரூபிக்க வேண்டிய சிறு கூற்று) தேவை என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது. தோற்றுப்போன சுருக்கத்தை நிதானமாகப் படிப்பவர்தான் இந்த வேலையில் வேகமாக முன்னேறுவார் என்பது என் உறுதியான எண்ணம்.

படி 5: நிரலோடு பொருத்துங்கள்

இதுவரை நிரூபித்தது விவரக்குறிப்பைப் பற்றி மட்டுமே. உங்கள் நிரல் வரிசையை முன்பட்டியல், பின்பட்டியல் என்று ஒரு ஜோடியாக (வெளியே போக வேண்டியவை முன்பட்டியலில், புதிதாக வருபவை பின்பட்டியலில் தலைகீழாக) வைத்திருக்கிறது என்றால், அந்த ஜோடியை வரிசையாகப் படிக்கும் மாற்று என்ற செயலை எழுதுங்கள். பிறகு நிரலின் ஒவ்வொரு செயலுக்கும் இப்படி ஒரு சமன்பாட்டை நிரூபிக்க வேண்டும்:

மாற்று(நிரல்சேர்(ஜோ, அ)) = சேர்(மாற்று(ஜோ), அ)

நிரூபணத்துக்கு நேரம் இல்லையென்றால், இதே சமன்பாடுகளைச் சோதனைகளாக ஓட்டலாம். ஹாஸ்கெல் என்ற நிரல்மொழிக்கு வந்த குவிக்செக் என்ற சோதனைக் கருவி செய்வது அதைத்தான்: ஏராளமான உள்ளீடுகளைத் தானே உருவாக்கி, சமன்பாடு எங்காவது உடைகிறதா என்று தேடும். நிரூபணத்துக்கு இது ஈடாகாது, ஆனால் தவறான சமன்பாட்டை நிரூபிக்க மணிக்கணக்காக மல்லுக்கட்டுவதைத் தவிர்க்கும்.

நீங்களே செய்து பார்க்க: நிரல்சேர் எளிது, நிரல்நீக்குதான் கடினம். முன்பட்டியல் காலியாகும்போது பின்பட்டியலைத் திருப்பிப் போட வேண்டும், அங்கே திருப்பு பற்றி ஒரு துணைத்தேற்றம் கேட்கும்.