மலையில் அனிமே மினிஃபிகர் சேகரிப்பு: தொடங்குவோருக்கான செய்முறை

குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்துகொண்டு அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களின் பாத்திரங்களை மினிஃபிகர்களாக, அதாவது கையடக்கப் பிளாஸ்டிக் உருவங்களாகச் சேர்க்கத் தொடங்குபவருக்கு, அவற்றை வாங்குவதைவிடக் கெடாமல் காப்பதே பெரிய வேலை என்பதால், இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள். நருட்டோ, டிராகன் பால், ஒன் பீஸ் என மூன்றையும் ஒருசேரத் தொடங்கினால் பணமும் இடமும் தீர்ந்துபோகுமே தவிர, எந்த வரிசையும் நிறைவடையாது. பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் 2025-இல் வெளியிட்ட ஒன் பீஸ் தொகுப்புகள் அனிமேயை ஒட்டியவை அல்ல. நெட்ஃபிளிக்ஸில் நடிகர்கள் நடித்து வந்த தொடரை ஒட்டியவை. கடைகளில் தனித்தனியாக விற்கும் நருட்டோ உருவங்களோ வேறு தயாரிப்பாளர்களுடையவை. ஆகவே லெகோ என்று சொல்லி விற்றால், தலையிலுள்ள முடித்துண்டைக் கழற்றி, உச்சிக் குமிழில் அந்தப் பெயர் புடைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பொருத்துதல். கால்களை இடுப்போடும் உடலோடும் நேராக அழுத்திச் சேர்த்து, கழுத்தில் தலையையும், தலைமேல் முடியையும் செருகினால் போதும். கைகளை உடலிலிருந்து பிடுங்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். தோளின் துளையருகே பிளாஸ்டிக் விரிசல் விட்டால் அதை ஒட்டவைக்க நல்ல வழி கிடையாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் சிறு துண்டுகள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

தூசு படிந்தால் 40 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலைக் கலந்து கையால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். குளிருக்கு அடுப்பருகே வைத்து உலர்த்தும் வழக்கம் துணிக்குச் சரி, இதற்கு ஆகாது. முகத்தில் அச்சிட்ட கண்களையும் தழும்புகளையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்க்கவே கூடாது.

இனி, வைப்பிடம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கும். ஆகவே ஈரம் ஆண்டின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். இவ்வுருவங்கள் பெரும்பாலும் ஆன ஏ.பி.எஸ். என்னும் கடின பிளாஸ்டிக்குக்கு ஈரத்தால் பெரிய கேடில்லை என்றாலும், அட்டைப்பெட்டியும் குறிப்பேடும் துணி மேலங்கிகளும் பூஞ்சை பிடித்துவிடும். நருட்டோ தொடரின் இட்டாச்சி போன்றோரின் நீண்ட அங்கி துணியாலானது என்றால் அதைத் தனியே கழற்றி வைப்பதே நல்லது. மழை ஓய்ந்த நாளில் வெயில் படும் ஜன்னலோரம் அலமாரி வைப்பதும் தவறு, ஏனெனில் உயரமான இடங்களில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமையாக இருப்பதால் வெள்ளையும் வெளிர்நீலமும் விரைவில் மஞ்சளாகிவிடும்.

கதவு இறுக மூடும் கண்ணாடி அலமாரியை உட்சுவர் ஓரமாக வைத்து, தட்டுக்கொரு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுங்கள். கம்பளிகளுக்குப் போடும் அந்துருண்டையை இங்கே போடாதீர்கள். அதன் ஆவி ஏ.பி.எஸ். போன்ற ஸ்டைரீன் கலந்த பிளாஸ்டிக்கை இளக்கிவிடக்கூடும். சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் வகையை வாங்கினால், நீலத்தைவிட ஆரஞ்சு வகையைத் தேர்ந்தெடுங்கள், நீல வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு இருக்கும். ஆரஞ்சு பச்சையாக மாறியதும் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.