தோட்டத்துக் கதையை நீங்களே நாவலாக்கி, நீங்களே அச்சிடுவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டால், மதியம் மணி அடிக்கும்வரை அந்த வேன்தான் எனக்கு எழுத்து மேசை. ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் என் நாவல் முழுவதும் அதில்தான் எழுதப்பட்டது. பதிப்பகம் எதையும் தேடாமல் நானே அச்சிட்டேன். அதற்குப் பிறகு, “அக்கா, எங்க தாத்தா கதைய எழுதணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” என்று வேன் கதவைத் தட்டிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன். எல்லாருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: கையில் இருக்கும் காசைப் புத்தகத்தின் உள்ளே போடுங்கள், மேடையில் போடாதீர்கள். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

கதை கேட்பது

வயதானவர்களிடம் போய், “தோட்டத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், “கஷ்டம்தாம்மா” என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைப் பற்றிக் கேளுங்கள். லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது? பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் யார் கொண்டுபோய் விட்டது? ஒரு நெரையில் (மர வரிசையில்) எத்தனை மரம்? பால் வாளியைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கினீர்களா, தலையில் சுமந்தீர்களா? இப்படிக் கேட்டால் கை தானாக அசைய ஆரம்பிக்கும். கை அசைந்தால் கதை வரும். அதிலும் பாட்டிமார்கள் சும்மா உட்கார்ந்து பேச மாட்டார்கள். நெத்திலி கிள்ளும்போதோ கீரை ஆயும்போதோ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு கை போடுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவு இருக்கிறதே என்று குறிப்பு எழுதாமல் விடக்கூடாது. அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், யார் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றினார் என்பதெல்லாம் பதிவில் விழாது. நாவலுக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் கேளுங்கள். கங்காணி வீட்டுப் பெண் சொல்லும் வேலைநிறுத்தம் ஒன்று, பால் வெட்டினவர் வீட்டுப் பெண் சொல்லும் வேலைநிறுத்தம் வேறொன்று. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை. இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு பெண்களையும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிறுத்துங்கள். ஒரு அத்தியாயம் தயார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுங்கை சிப்புட் என்றாலே 1948 ஜூன் 16 என்பார்கள். எல்ஃபில் தோட்டத்திலும் அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் அதிலிருந்துதான் பிறந்து 1960 வரை நீடித்தது. இங்கே நாவல் எழுத உட்காருகிற எல்லாரும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு அந்த நாளோடு நேரடித் தொடர்பு இல்லை என்றால் விட்டுவிடுங்கள். லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலியும் ஊரடங்கும் அளந்து கொடுத்த அரிசியும்தான் உங்கள் பாட்டி பட்டது. அதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

வருடக் கணக்கு

நாவல்தானே என்று வருடங்களில் மெத்தனம் காட்டாதீர்கள். தோட்டத்தில் வளர்ந்த வாசகர் உடனே பிடித்துவிடுவார். இந்த நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது, வண்ணத்தில் வந்தது 1978இல். 1962இல் நடக்கும் கதையில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்று டிவி பார்க்க முடியாது. 1963 செப்டம்பர் 16க்கு முன்னால் யாரும் ‘மலேசியா’வில் வசிக்கவில்லை, மலாயாதான். அந்தக் காலத்து ஆட்கள் மைலிலும் காத்தி என்ற பழைய எடையளவிலும் பேசுவார்கள், கிலோமீட்டரிலும் கிலோவிலும் இல்லை.

வேலையும் அப்படித்தான். பால் மரத்தை விடியும் முன்பே வெட்டப் போவது வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை, அன்றைய கூலியும் போனது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறைந்துவிடும், அந்த மாதங்களில் கடைக்காரரின் கடன் நோட்டு தடிக்கும். பால் நிறுக்கும் ஸ்டோரில் கிராணி மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை விட்டுப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் வெறும் தகவல் இல்லை. கல்யாணத்தை எந்த மாதம் வைப்பது, சண்டையை எந்த நாள் மூட்டுவது என்று கதைக்கு வழிகாட்டுவதே இதுதான். என் நாவலில் ஒரு சீட்டுப் பணத் தகராறு வருகிறது. அதை இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்ததும் அதுவரை நொண்டிய அத்தியாயம் தானாக நடந்தது.

தேடுவதற்குப் பெரிய நூலகம் பக்கத்தில் இல்லையே என்று கவலை வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டச் செய்தியும் அதில் வரும். விளம்பரங்களையும் படியுங்கள். சேலை விலை, சைக்கிள் விலை, எந்தத் தைலம் யார் விற்றார்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். கோலாலம்பூர் போக முடிந்தால் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஒரு நாள் உட்காருங்கள்.

எழுதுவது

நான் முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, பிறகு கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சில் வாசித்து ஏற்றினேன். கூகுள் விசைப்பலகை தமிழைக் கேட்டுத் தட்டும். ஆனால் தோட்டத்துப் பேச்சு அதற்குப் பிடிபடாது. ‘பெரட்டு’ என்றால் ‘பரோட்டா’ என்று போடும். கண் வைத்துத் திருத்த வேண்டும். ஆனாலும் இந்த முறையில் ஒரு லாபம்: எழுதியதை ஒரு தடவை சத்தமாகப் படித்தே ஆக வேண்டும். வாயில் தடுக்குகிற வாக்கியம் அப்போதே மாட்டிக்கொள்ளும்.

கதை சொல்லும் குரலை எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், உரையாடலைத் தோட்டத்து வாயில் விடுங்கள். தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்குப் புரியாதே என்று ‘கித்தா’, ‘தீம்பார்’, ‘ஒட்டுப்பால்’ எல்லாவற்றுக்கும் பின்னால் அருஞ்சொல் பட்டியல் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருத்தி பால் வடியும் மங்குக் கோப்பையில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துப் பையில் போடுகிறாள் என்று எழுதினால் ஒட்டுப்பால் என்னவென்று எந்த ஊர்க்காரருக்கும் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் அந்தக் காட்சியில்தான் ஏதோ குறை இருக்கிறது.

தினமும் இத்தனை பக்கம் என்று சபதம் போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. பள்ளி விடுமுறையில் வேன் ஓடாது, எழுத்தும் ஓடாது. அந்த நாட்களில் கதை கேட்கப் போவேன். உங்கள் வேலைக்குள் எங்கே ஒரு இடைவெளி தினமும் விழுகிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல நேரம் வேறு கிடைக்கப்போவதில்லை.

இரண்டு எச்சரிக்கை. உயிரோடு இருப்பவரைப் பேர் மாற்றி மட்டும் உள்ளே விடாதீர்கள். ஊர் சின்னது, தொழில், வீடு, நடை மூன்றும் ஒத்துப்போனால் பேர் மாற்றியதால் பயனில்லை. அவதூறு வழக்குக்கும் அது இடம் கொடுக்கும். இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவரைச் செய்யுங்கள். அடுத்தது, சினிமாப் பாட்டு வரிகள். திடலில் திரை கட்டிப் படம் போட்ட காட்சியை எழுதும்போது கை தானாகப் பாட்டை எழுதப் போகும். பாடலாசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை இங்கே பதிப்புரிமை உண்டு. பாட்டை வரியாகப் போடாமல், அது காதில் விழுந்ததும் யார் முகம் எப்படி மாறியது என்று எழுதுங்கள்.

திருத்துவது

காசு செலவழிக்க வேண்டிய இடம் இது. எழுதி முடித்ததும் ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் தோட்டத்தில் வாழ்ந்தவராக இருக்கட்டும், இன்னொருவர் தோட்டம் பக்கமே போகாதவராக இருக்கட்டும். முன்னவர் பொய்யைச் சொல்வார், பின்னவர் சலிப்பைச் சொல்வார். “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்பவரை விட்டுவிடுங்கள், பாசத்தில் சொல்கிறார்.

சந்திப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும் இணையத்தில் நாவி, வாணி என்ற கருவிகள் இருக்கின்றன. முதல் சுற்றுக்கு நன்றாக உதவும். ஆனால் பேச்சுத் தமிழ் உரையாடல் அவற்றுக்குப் பிழையாகவே தெரியும். அதனால் கடைசியில் ஒரு மனிதக் கண் வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இல்லாத ஊர் இங்கே உண்டா? கேளுங்கள். ஆனால் இலவசமாகக் கேட்காதீர்கள். உரையாடலைத் திருத்த வேண்டாம், கதைசொல்லியின் தமிழை மட்டும் பாருங்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கங்காணி செந்தமிழில் திட்டுவார்.

பக்கம் கட்டுவது

தொடக்கம் முதல் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் யூனிகோடு எழுத்துமுறையில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் தட்டினால் அச்சகத்தில் திறக்கும்போது அத்தியாயம் முழுவதும் கிறுக்கலாகிவிடும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டுபவராக இருந்தால் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத அச்சகக்காரருக்கு அது தெரியவே தெரியாது. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்க வேண்டும். பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக வந்தால் அச்சுக்கு வசதி. புத்தக முதுகின் அகலம் தாளைப் பொறுத்தது. 80 கிராம் தாளில் 240 பக்கம் என்றால் சுமார் 12 மில்லிமீட்டர் வரும், அச்சகத்தில் கேட்டு உறுதி செய்தபிறகே அட்டையை முடியுங்கள். அட்டைப் படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: சூரிய உதயமும் ரப்பர் மரமும் வேண்டாம். நம் புத்தகங்களில் அது போதும் போதும் என்றாகிவிட்டது.

எண்ணும் சட்டமும்

ஒவ்வொரு நூலுக்கும் உரிய ஐஎஸ்பிஎன் அடையாள எண்ணைத் தேசிய நூலகம் கட்டணம் இல்லாமல் கொடுக்கிறது. தனிநபரும் எழுத்தாளர்-பதிப்பாளர் என்று இணையவழி விண்ணப்பிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு ‘எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். புத்தகத்தின் உள்ளே அச்சிடும் நூல் விவரப் பட்டியலுக்கும் அங்கேயே கேட்கலாம். வெளியீட்டாளர் பேரும் முகவரியும் அச்சகத்தின் பேரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். வெளிவந்த ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஐந்தையும் கணக்கில் வைத்தே அச்சிடுங்கள்.

எத்தனை பிரதி, எப்படி விற்பது

அச்சகத்தில் 200, 300, 500 மூன்றுக்கும் விலை எழுதி வாங்குங்கள். 500 போட்டால் ஒரு பிரதியின் விலை இறங்கும், ஆசை காட்டும். ஏமாறாதீர்கள். ஒரு தாளை எடுத்து, இந்தப் புத்தகத்தை வாங்கப் போகிறவர்கள் யார் யார் என்று பேர் பேராக எழுதுங்கள்: பழைய தோட்டத்துக் குடும்பங்கள், கோயில் கமிட்டி, பள்ளிக்காலத் தோழிகள், ஈப்போவிலும் கிள்ளானிலும் குடியேறிவிட்ட சொந்தம். அந்தப் பட்டியலோடு கால்பங்கு சேருங்கள், அதுதான் உங்கள் எண்ணிக்கை. இன்னும் தேவைப்பட்டால் மறுபடி அச்சிடலாம், டிஜிட்டல் அச்சில் அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

விலை வைக்கும்போது புத்தகக் கடைக்காரர் 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 12 வெள்ளி (ரிங்கிட்), விலை 20 வெள்ளி என்று வைத்தால், கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் உங்களுக்கு மிஞ்சுவது சில்லறைதான், சில நேரம் அதுவும் இல்லை.

இப்போது மேடை. நம் ஊர் வழக்கம் தெரியும்: மண்டபம், மாலை, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெரிய தொகைக்கு வாங்குவது, மற்றவர்கள் வரிசையாக மேடையேறி உறை கொடுப்பது. ஒரே நாளில் அச்சுச் செலவு திரும்பிவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் மண்டப வாடகை, சாப்பாடு, ஒலிபெருக்கி, பொன்னாடை என்று மெய்ப்புத் திருத்தத்துக்கு வைத்திருந்த காசு அங்கே போய்விடுகிறது. கொடுத்தவர்கள் புத்தகத்தைப் படிக்கவும் இல்லை. நான் வெளியீட்டை எங்கள் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் அன்னதானக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டேன். வெளியூர்ச் சொந்தமெல்லாம் அன்று ஊரில்தான் இருக்கும். ஒரு அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன், மேசை போட்டு விற்றேன். டத்தோ வரவில்லை. அந்த அத்தியாயத்தில் வரும் லயத்தில் குடியிருந்த பெரியம்மா ஒருவர் வந்து, தன் மூன்று மருமகள்களுக்கும் வாங்கிப் போனார்.

மின்னூலாகவும் போடலாம், கிண்டில் தமிழை ஏற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும்.

விற்காத பிரதிகளைத் தரையில் அடுக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் ஒரு மழைக்காலம் போதும். பலகைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். அச்சுக்குக் கொடுத்த கோப்பை அச்சகத்திடம் மட்டும் விட்டு வைக்காமல் பக்கம் கட்டிய மூலக் கோப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். மறுபதிப்புக்கு அதுதான் தேவைப்படும்.