வெர்னே போல ஒரு மாலைத் துறைமுகம் வரைய

பிரெஞ்சு ஓவியர் கிளாட் ஜோசஃப் வெர்னே 1734-இல் ரோமுக்குப் போய், ஏறத்தாழ இருபது வருடம் அங்கேயே இருந்து கடற்கரைகளாக வரைந்து தள்ளினார். அந்தத் துறைமுகங்களில் பலவற்றை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஒரு கோபுரம், ஒரு பாறை, ஓர் இடிந்த கோயில் என்று எங்கெங்கோ கண்டதை ஒரே கரையில் சேர்த்துவிடுவார். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம்.

60க்கு 40 செ.மீ. கான்வாஸ், எண்ணெய் வண்ணம். வெள்ளைத் துணியில் நேரடியாகத் தொடங்காமல், மெல்லிய பழுப்பு பூசிக் காயவிடுங்கள். அடியிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் அடிவானக் கோடு. மேலே உள்ளதெல்லாம் வானம். படத்தின் முக்கால் வேலை அங்கேதான், அவசரப்படாதீர்கள்.

என் முதல் படத்தில் சூரியனுக்குப் பளிச்சென்று மஞ்சள் வைத்தேன். அச்சு அசல் மளிகைக்கடை காலண்டர்! சூரியன் கிட்டத்தட்ட வெள்ளைதான். அதில் துளி மஞ்சள் போதும். சுற்றியுள்ள மூட்டத்தில்தான் காவியும் இளஞ்சிவப்பும் வரவேண்டும். ஈரம் காயுமுன் சூரியனிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து, மேலே போகப்போக நீலச்சாம்பலில் கரைத்துவிடுங்கள். தூரத்து மலைக்குத் தனி நிறம் கலக்க வேண்டாம். மிச்சமிருக்கும் வான நிறத்தில் கொஞ்சம் நீலம் சேர்த்தால் சரி.

அப்புறம் இடது ஓரத்தில் கரும்பாறை. அது எவ்வளவு இருட்டோ, அவ்வளவு தூரம் பின்னால் போகும் ஒளி. கப்பலைச் சூரியனுக்கு நேர் முன்னால் நிறுத்தாமல் சற்றுத் தள்ளி வையுங்கள். பாய்மரக் கயிறுகள் மெல்லிய கருங்கோடாகத் தெரியும்.

காற்று விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டேன். கொடி இடப்பக்கம் பறந்தது, கரையில் மூட்டிய அடுப்பின் புகை வலப்பக்கம் போனது. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரே பார்வையில், "ஏன்டா, உன் ஊர்ல ஒரே நேரத்துல ரெண்டு காத்தா அடிக்குது?" என்றார். அமைதியான மாலை என்றால் கொடி தொங்கட்டும், பாய் துவளட்டும், புகை நேராக எழட்டும்.

கடைசியில் மனிதர்கள். வலை இழுப்பவர், மூட்டை மேல் உட்கார்ந்தவர், நமக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்ப்பவர். நான்கு செ.மீ. உயரம் தாண்டவேண்டாம். ஒரே ஒரு சிவப்புத் தொப்பி, அவ்வளவுதான். ஆட்களைக் கூட்டமாக வைப்பது எப்படி என்று பழக, பதினைந்தாம் லூயி மன்னருக்காக 1753 முதல் வெர்னே வரைந்த பதினைந்து பிரெஞ்சுத் துறைமுகப் படங்களைப் பாருங்கள். அவை கற்பனையல்ல, உள்ளது உள்ளபடி கேட்டு வாங்கியவை. அவற்றில் ஒன்றில், பந்தோல் வளைகுடாவில் மீனவர்கள் சூரை மீன் பிடிக்க, பட்டுடை உடுத்தியவர்கள் படகில் வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

வெர்னே அமைதிக்கு ஜோடியாகப் புயலையும் வரைவது வழக்கம். அதே அளவில் இன்னொரு கான்வாஸ் வாங்கிவையுங்கள். அதில் முதல் கோடே காற்றின் திசைதான்.