கன்றுக்கு மரு வந்தால் பிளேடைத் தேடாதீர்கள்

எங்கள் கிடேரிக் கன்றின் கழுத்தில் கடுகளவில் தெரிந்த மரு, இரண்டே மாதத்தில் சுண்டைக்காய் அளவாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "பிளேடால அறுத்து விடுப்பா" என்றார். நல்லவேளை, அறுக்கவில்லை.

இது பாப்பிலோமா வைரஸால் வருவது. 2 வயதுக்குட்பட்ட மாடுகளில்தான் அதிகம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாக உதிரும், சிலதுக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஊரில் ஆளுக்கொரு கைகண்ட மருந்து இருப்பதும் அதனால்தான். எதைத் தடவினாலும் கடைசியில் உதிரத்தானே போகிறது!

முதலில், அது மரு தானா என்று பாருங்கள். மரு சொரசொரப்பாக, மெல்ல வளரும். முடி கொட்டி, வட்டமாகச் சாம்பல் பூத்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். காய்ச்சலோடு உடம்பெங்கும் திடீரென்று கட்டிகள் எழுந்தால் தோல் கழலை நோயாக இருக்கலாம். உடனே மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள்.

மருதான் என்றால் கன்றைத் தனியே கட்டுங்கள். அதன் கயிறு, தேய்க்கும் பிரஷ் எதையும் மற்ற கன்றுகளுக்குப் போடக் கூடாது. தோலில் சின்னக் கீறல் இருந்தாலே வைரஸ் நுழைந்துவிடும். காதுத்தோடு குத்தும் கருவி, ஊசி வழியாகவும் பரவும். கட்டுத்தறியில் ஆணி, முள்கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உண்ணியையும் ஒழித்துவிடுங்கள்.

அப்புறம் பொறுமை. வளர்ந்துகொண்டிருக்கும் மருவை அறுத்தால் மறுபடி முளைக்கும், சிலசமயம் இன்னும் வேகமாக. ஆசிட், சூட்டுக்கோல் பக்கமே போக வேண்டாம்.

வளர்ச்சி நின்ற பிறகு, மெல்லிய காம்போடு தொங்கும் மருவை மட்டும் நூலால் கட்டலாம். கையுறை போட்டு, ஒருவர் கன்றைப் பிடிக்க, மருவின் அடிப்பகுதியில் பொவிடோன் அயோடின் (புண்ணுக்குப் போடும் கிருமிநாசினி) தடவுங்கள். அதில் நனைத்த கெட்டி நூலைத் தோலை ஒட்டிச் சுற்றி இறுக முடிச்சிடுங்கள். ரத்த ஓட்டம் நின்று, சில நாளில் கருத்துச் சுருங்கி விழும். விழுந்த இடத்தில் ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவுங்கள். அகலமாகப் பரந்த மருவில் நூல் நிற்காது, முயலாதீர்கள்.

மடிக்காம்பு, கண், வாய், இனக்குறி இங்கெல்லாம் மரு வந்தாலோ, புண்ணாகிப் புழு வைத்தாலோ, ஒரு வருடம் தாண்டியும் நின்றாலோ மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஊசி போடுவார், தேவைப்பட்டால் அறுவை செய்வார்.

எங்கள் கிடேரிக்கு இருந்த நான்கில் ஒன்றைத்தான் கட்டினேன். மற்ற மூன்றும் எப்போது உதிர்ந்தன என்றே தெரியவில்லை.