ஜப்பானியத் தின்பண்டச் சந்தாப் பெட்டி: முதன்முறை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மாதச் சந்தா செலுத்தினால் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி நிறையத் தின்பண்டங்களை வீட்டுக்கே அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் இப்போது பல இருக்கின்றன. கடையில் வாங்குவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை என்பதுதான். பிறர் தெரிந்தெடுத்ததற்கு நாம் பணம் கொடுக்கிறோம் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பும் பெட்டி வந்து சேர்ந்த பின்பும் சற்றுக் கவனம் தேவைப்படுகிறது.

முதலில் பெட்டியின் வகையைத் தீர்மானிக்க வேண்டும். டோக்கியோட்ரீட் போன்ற நிறுவனங்கள் சிப்ஸ், சாக்லேட், மென்மிட்டாய், பருவகாலக் கிட்கேட் என்று இன்றைய ஜப்பானியக் கடைகளில் கிடைப்பவற்றை அனுப்புகின்றன. சகுராகோ போன்றவை அரிசி வறுவல்கள், அசுக்கி எனும் சிவப்புப் பயற்றில் செய்த இனிப்புகள், தேயிலை ஆகிய மரபுப் பண்டங்களை அனுப்புகின்றன. கொழுக்கட்டைப் பூரணத்தை விரும்பி உண்பவருக்கு அசுக்கி இனிப்பு அந்நியமாகத் தோன்றாது என்பதால், நம்மவர்கள் மரபுப் பெட்டியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. 'இருபது பண்டங்கள்' என்ற எண்ணிக்கையைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. ஜப்பானியச் சிறுவர்கள் சில்லறைக் காசுக்கு வாங்கும் உமாய்போ என்ற சோளக் குச்சி 1979 முதல் 2022 வரை 10 யென்னுக்கு விற்றது. விலை ஏறிய பின்னரும் 2024 அக்டோபரில் அது 15 யென்தான். சுவையில் அதற்குக் குறையில்லை, ஆனால் இத்தகையவற்றைக் கொண்டே எண்ணிக்கையை நிரப்பிய பெட்டிக்குக் கொடுக்கும் விலை நியாயமானதன்று. நிறுவனத்தின் தளத்தில் கடந்த மாதங்களின் பெட்டிகளில் இருந்தவை பட்டியலிடப்பட்டிருந்தால், அதைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஆறு மாத, ஓராண்டுத் திட்டங்களில் ஒரு பெட்டியின் விலை குறைந்தாலும், முதன்முறை வாங்குவோர் ஒரு மாதத் திட்டத்தையே எடுக்க வேண்டும். பெரும்பாலான சந்தாக்கள் தாமாகவே புதுப்பிக்கப்படுபவை என்பதால், பணம் கட்டிய அன்றே அடுத்த புதுப்பிப்பு நாளையும் நிறுத்தும் வழியையும் குறித்து வைத்துக்கொள்வது அவசியம். அனுப்பும் செலவு தனியா என்பதோடு, இறக்குமதி வரியை யார் கட்டுவது என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. சிங்கப்பூரில் குறைந்த மதிப்புள்ள இறக்குமதிகளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. இந்தியாவில் அன்பளிப்புப் பொதிகளுக்கு இருந்த வரிச் சலுகை, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர, 2019 டிசம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஜப்பானியத் தின்பண்டத் தொழில் பருவத்தை ஒட்டியே இயங்குகிறது: வசந்தத்தில் உப்பில் ஊறவைத்த செர்ரி இலையின் மணமும், இலையுதிர் காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் செஸ்ட்நட்டும் முன்னுக்கு வருகின்றன, மெய்ஜி நிறுவனத்தின் மெல்ட்டிகிஸ் சாக்லேட் குளிர்காலத்தில் மட்டுமே விற்பனைக்கு வருகிறது. வெப்ப நாடுகளில் இருப்போர் சாக்லேட் மிகுந்த பெட்டியைக் கோடையில் தவிர்க்கலாம். உருகி இறுகிய சாக்லேட்டின் மேல் வெண்மை படர்ந்திருந்தால், அது பெரும்பாலும் மேலெழுந்து படிந்த கொழுப்புதான், உண்பதால் தீங்கில்லை.

பெட்டியைத் திறந்ததும் உண்ணத் தொடங்காமல் உறைகளைப் படிப்பதே முதல் வேலை. உடன் வரும் கையேட்டில் பொதுவாக ஒவ்வாமைக் குறியீடுகள் இருக்கும். முட்டை, பால், கோதுமை, பக்வீட் எனும் தானியம், வேர்க்கடலை, இறால், நண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுவது ஜப்பானியச் சட்டப்படி கட்டாயம். 2023-இல் அக்ரூட்டும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் இப்பட்டியலைக் கொண்டு ஒரு பண்டம் சைவமா என்று முடிவு செய்துவிட முடியாது. ஏனெனில் கட்சுவோ எனும் மீனின் சாறும், கோழி, பன்றி இறைச்சிச் சாறுகளும், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் கட்டாயப் பட்டியலில் இல்லை. உருளைக்கிழங்கு சிப்ஸிலும் சோளத் தின்பண்டத்திலும் சுவைக்காக இறைச்சிச் சாற்றுத் தூள் கலப்பதும், மென்மிட்டாய்களில் ஜெலட்டின் இருப்பதும் மிகச் சாதாரணம். ஆகவே சைவ உணவினர் உறையின் பின்புறமுள்ள மூலப்பொருள் பட்டியலைக் கூகுள் லென்ஸ் வழியாக மொழிபெயர்த்துப் பார்த்த பிறகே வாயில் போட வேண்டும். அசுக்கி, சர்க்கரை, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் ஆகியவற்றால் செய்யப்படும் யோக்கான் எனும் இனிப்பு அவர்களுக்கு ஏற்றது. சென்பே எனும் அரிசி வறுவல் பார்வைக்குச் சைவமாகத் தோன்றினாலும், அதன் மேல் பூசிய சாற்றில் மீன் இருக்கக்கூடும்; அதில் தடவும் சோயா சாற்றில் வழக்கமாகக் கோதுமையும் இருப்பதால், குளூட்டன் ஒவ்வாதவர்கள் அரிசிப் பண்டம் என்று நம்பி உண்டுவிடக் கூடாது.

தேதியைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவார்கள் என்பதால் 26.10.27 என்பது 2026 அக்டோபர் 27-ஐக் குறிக்கும். நம் வழக்கப்படி படிப்பவர், பண்டம் இன்னும் ஓராண்டு தாங்கும் என்று எண்ணிவிடுவார். சுவை குன்றாதிருக்கும் காலத்தை ஷோமி கிகேன் என்றும், அதன் பின் உண்ணவே கூடாத நாளை ஷோஹி கிகேன் என்றும் அச்சிடுகிறார்கள். பெட்டிகளில் வருபவை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. தேதி நெருங்கியவற்றை முன்னால் எடுத்து வைத்து, ஒட்டும் அரிசியில் செய்த மோச்சி போன்ற மென்மையான இனிப்புகளை முதலில் முடித்துவிட்டால், வறுவல்கள் காத்திருக்கும்.

சுவைக்கும்போது உப்புப் பண்டங்களில் தொடங்கி இனிப்பில் முடிப்பது நல்லது. மாச்சா எனும் பச்சைத் தேயிலைத் தூளின் கசப்பும் அசுக்கியின் இனிப்பும் நாக்கில் தங்கிவிடும் என்பதால் அவற்றுக்குப் பின் உண்பது எதுவும் எடுபடாது. பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் போடாமல், 70 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஊறவைத்தால் துவர்ப்பு அடங்கும். பிரித்த அரிசி வறுவல் நம் ஈரக்காற்றில் விரைவில் நமத்துவிடும். உறையிலுள்ள ஈரமுறிஞ்சிப் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கலாம், ஆனால் அந்தப் பை குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. மோச்சியையும், கொன்னியாக்கு எனும் கிழங்கின் மாவில் செய்த சிறு கிண்ண ஜெல்லியையும் சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கொடுக்கவே வேண்டாம். இவை தொண்டையில் அடைத்து ஜப்பானிலேயே உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன.