பிள்ளைக்குச் சத்தி நிற்கவில்லையா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

ஊரில் பிள்ளை இரண்டு தரம் சத்தி எடுத்தால் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுவோம். டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒரு பாணி மருந்தாவது தருவார். இங்கே "அடிக்கடி குடிக்கக் கொடுங்கள்" என்று வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வந்த புதிதில் அது எனக்குக் கைவிட்டதுபோலவே இருந்தது. என் மகனுக்கு அப்போது பத்து மாதம். மூன்று தரம் போய் மூன்று தரமும் "வைரஸ்தான்" என்ற பதிலோடு திரும்பினேன். அந்தப் பதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரி. வயிற்றுக் கிருமியால் வரும் சத்தி ஒன்றிரண்டு நாளில் அடங்கும், வயிற்றோட்டம் ஐந்தாறு நாள் இழுக்கும். என் மகனுக்கோ அது கிழமைக்கணக்கில் நிற்கவில்லை.

ஒன்றும் வருமுன்பே, வந்த முதல் கிழமையில் ஜீ.பீ. எனப்படும் குடும்ப டொக்டரிடம் பதிந்துவிடுங்கள். விலாசச் சான்று இல்லை, விசாக் கடிதம் இல்லை என்று பதியாமல் விட அவர்களுக்கு உரிமையில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஜீ.பீ. எழுதும் மருந்துக்குக் காசும் இல்லை.

அடுத்தது பேச்சு. நான் "லூஸ் மோஷன்" என்று சொல்லச் சொல்ல, ரிசெப்ஷனில் இருந்தவர் விழித்துக்கொண்டிருந்தார். இங்கே "டயரியா" என்று சொன்னால்தான் புரியும். "சிக்" என்றால் நாங்கள் சுகமில்லை என்று நினைப்போம். இவர்களுக்கு அது பெரும்பாலும் சத்தி. "ஹீ இஸ் நாட் கீப்பிங் ஃபுளூயிட்ஸ் டவுன்" என்ற வசனத்தைப் பாடமாக்கி வைத்திருங்கள். குடித்தது எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்பது அதன் பொருள், சொன்னவுடன் கவனிப்பார்கள். ஆங்கிலம் வராவிட்டால் அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. இரவு பகல் எந்நேரமும் எடுக்கக்கூடிய 111 என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசியிலும் அப்படிக் கேட்கலாம். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் நோயை அந்தப் பிஞ்சு வாயால் சொல்ல வைப்பது பாவம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஊரில் செய்ததுதான். எங்கள் ஜீவனிப் பைக்கற்றுக்கு இங்கே டயரலைட் என்று பெயர், எந்தப் பாமசியிலும் கிடைக்கும். ஒரு பைக்கற்றை 200 மில்லி லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். கைக்குழந்தைக்கென்றால் கொதித்தாறிய தண்ணீர், எவ்வளவு கொடுப்பதென்று பாமசிக்காரரிடம் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் 24 மணித்தியாலம் வரை பாவிக்கலாம். சத்தி எடுத்த உடனே கொடுக்காமல் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பசித்தால் சோற்றுக் கஞ்சி கொடுக்கலாம். உப்பும் சீனியும் கையளவில் கலக்காதீர்கள். உப்புக் கூடினால் சின்ன உடம்பு தாங்காது. ஜின்ஜர் பியரும் ஜூஸும் வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சத்தி மருந்தை எடுக்கவே வேண்டாம். டொம்பெரிடோன் என்ற சத்தி மருந்தை 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சத்திக்குக் கொடுக்கும் அனுமதியை இங்கே 2019இல் எடுத்துவிட்டார்கள். அதனால் பிள்ளைகளுக்குக் குணம் தெரியவில்லை என்பதே காரணம். இதயத்துடிப்பைக் குழப்பும் என்ற பயம் அதற்கு முன்பே இருந்தது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சத்தி பச்சையாக வந்தாலோ, இரத்தமோ கோப்பித்தூள் போன்றதோ வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, பிள்ளை எழுப்ப எழுப்பக் கண் திறக்காவிட்டாலோ அம்புலன்ஸுக்கு 999 எடுங்கள், அல்லது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். எங்கள் நிறத்தில் உடம்பு வெளிறுவதும் நீலம் பாய்வதும் தோலில் இலகுவில் தெரியாது. உதட்டையும் நாக்கையும் உள்ளங்கையையும் பாருங்கள். நப்பி நனைவது குறைந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், உச்சிக்குழி உள்வாங்கினால் உடனே 111. பிறந்து சில கிழமையான குழந்தை குடித்ததெல்லாம் தூரத்துக்குப் பீறிட்டுச் சத்தி எடுத்து உடனே மறுபடி பசித்து அழுதால் அன்றைக்கே காட்டுங்கள். இரைப்பையின் வாசல் தடித்து அடைபடும் ஒரு நோய் அந்த வயதில்தான் வரும், அதற்குச் சத்திரசிகிச்சை வேண்டும்.

நாலாம் தரம் நான் ஒரு கொப்பியோடு போனேன். எத்தனை மணிக்கு என்ன கொடுத்தேன், எத்தனை மணிக்குச் சத்தி, எத்தனை நப்பி, மலம் என்ன நிறம் என்று பத்து நாள் கணக்கு அதில் இருந்தது. சிவப்புப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். பிள்ளை பிறந்தால் இங்கே கொடுக்கும் சுகாதாரப் புத்தகம் அது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு ஹெல்த் விசிற்றரிடம், அதாவது சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் தாதியிடம், கேட்டு வாங்க வேண்டும். நிறுவை பார்ப்பதும் அவர்களிடமே. அந்தப் புத்தகத்தில் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் கோடு இரண்டு படி கீழே இறங்கியிருந்ததைக் கண்ட பிறகுதான் டொக்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

இங்கு வந்தபின் தாய்ப்பாலை விட்டுப் பால்மாவுக்கு மாற்றியிருந்தேன். சத்தி தொடங்கியது அதற்குப் பிறகு என்பதைக் கொப்பிதான் காட்டியது. மகனுக்கு இருந்தது பசுப்பால் புரத ஒவ்வாமை. சில கிழமை பாலை அடியோடு நிறுத்தி, பிறகு மறுபடி கொடுத்துப் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். விசேட பால்மாவை ஜீ.பீ. எழுதித் தந்தார். ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்லி அம்மா ஊரிலிருந்து சொன்னா. அதுவும் பெரும்பாலும் ஒத்துவராது, புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிஸ்கட்டிலும் ரஸ்கிலும் பால் ஒளிந்திருக்கும். பைக்கற்றில் பால் என்ற சொல்லைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம், ஆகவே வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். நீங்களாகவே சந்தேகப்பட்டுப் பாலை நிறுத்திவிடாதீர்கள். கல்சியமும் நிறையும் போய்விடும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: கடைசியாகச் சத்தியோ வயிற்றோட்டமோ போய் 48 மணித்தியாலம் கழியும் வரை நேர்சரியில் விட முடியாது. வயிற்றோட்டம் நின்று இரண்டு கிழமைக்கு நீச்சல் குளமும் இல்லை. பிள்ளைக்குத் திடீரென்று சுகமில்லாமல் போனால், சேர்ந்த முதல் நாளிலிருந்தே லீவு எடுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சம்பளம் தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை, ஆனால் அதற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்த முடியாது.